அக்னி நட்சத்திரத்தில் இதய பிஸ்கட்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் கல்யாணம் வைகாசித் தொடக்கத்தில் நடந்தது. அதனால் எந்த வருஷமானாலும் கல்யாண நாள் கத்திரி வெயிலுக்குள்தான் வந்து விழும். இந்த வருஷம் எட்டாவது. முந்தைய ஏழுக்கும் கடையில் கேக் வாங்கி வெட்டினோம். இரண்டு முறை மனைவியின் பெயரைத் தப்பாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிழையையும் க்ரீமோடு சேர்த்து வழித்துச் சாப்பிட்டாயிற்று.

சில மாதங்களுக்கு முன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு பிஸ்கட், நடுவில் ஜாம். மேல் பிஸ்கட்டில் சின்னதாக இதய வடிவ ஓட்டை, அது வழியாகச் சிவப்பு தெரிகிறது. "இது மாதிரி நம்ம ஊருல யாரும் போட மாட்டாங்களாங்க?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் அப்போதே மறந்திருப்பாள். எனக்குள் அது உட்கார்ந்துகொண்டது.

அவள் செவிலியர். கல்யாண நாளுக்கு முந்தைய மூன்று நாளும் நைட் டூட்டி. மாலை ஏழரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலை எட்டரைக்குத்தான் வீடு. ஆக எனக்கு மூன்று இரவு. வார்டில் ஒருவரைச் சேர்த்தால் என்ன நிலையில் வந்தார், என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்ன மாறியது என்று வரிசையாக எழுதி வைப்பார்களாம். நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அப்படியே எழுதினேன். கீழே இருப்பது அந்த நோட்டைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான்.

வந்தபோது இருந்த நிலை

மதுரை, மே மாதம். ஏசி இல்லாத அடுப்படி. இரவு ஒன்பதரைக்குச் சுவர் தெர்மாமீட்டர் காட்டியது 34 டிகிரி. இருபது லிட்டர் ஓடிஜி (மேஜைமேல் வைக்கும் சின்ன மின் அடுப்புப் பெட்டி), ஐந்து வருஷம் பழையது, பெரும்பாலும் பிரட் வாட்டத்தான் பயன்பட்டது. கேக் சாமான் கடையில் வாங்கிய இதய அச்சு இரண்டு: ஒன்று ஐந்து சென்டிமீட்டர், ஓட்டை போட இன்னொன்று அதில் பாதிகூட இல்லாதது. ஆபத்துக்கு உதவ அம்மா.

அந்தப் படத்தில் இருந்தது ஆஸ்திரியாக்காரர்களின் லின்சர் பிஸ்கட். லின்ஸ் என்கிற ஊரின் பெயரில் வழங்கும் பண்டம். அதன் மூத்த அக்காவான லின்சர் டோர்ட்டே என்கிற கேக்குக்கு 1653-ஆம் வருஷத்திலேயே கையெழுத்துப் பிரதியில் செய்முறை இருக்கிறது. மைதா, வெண்ணெய், சர்க்கரை, பாதாம் மாதிரி பொடித்த பருப்பு, மேலே ஜாம். அடிப்படைக் கணக்கு ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட்டுக்குச் சொல்வதுதான்: எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. நூறு கிராம் வெண்ணெய் பாக்கெட்டை உடைத்தால் ஐம்பது சர்க்கரை, நூற்றைம்பது மாவு. ஒரு ஈடு சரியாக முடிந்துவிடும்.

முதல் ஈடு: விரிந்தது

செய்முறையில் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று இருந்தது. வெளியே எடுத்து வைத்துவிட்டு, சர்க்கரையைப் பொடித்து, மைதாவைச் சலித்து, அம்மாவோடு ஒரு சீரியல் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது வெண்ணெய் கட்டியாகவும் இல்லை, முழுக்க உருகவும் இல்லை. ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய் பிரிந்து நின்றது. அதில் சர்க்கரையைப் போட்டு அடித்தால் வெள்ளையாக உப்பி வர வேண்டும் என்றார்கள். எனக்கு வந்தது பஞ்சாமிர்தப் பதம்.

மாவு கையில் ஒட்டியது. இரண்டு ஸ்பூன் மைதா கூடப் போட்டுத் தேய்த்து, அச்சில் வெட்டி, தட்டில் அடுக்கினேன். ஓடிஜியை 180-ல் வைத்துப் பத்து நிமிஷம் சூடு பண்ணியிருந்தேன். உள்ளே விளக்கு எரிய, கண்ணாடிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது நிமிஷம் எல்லாம் பளபளவென்று மின்னின. ஐந்தாவது நிமிஷம் இதயத்தின் மேல் பிளவு மழுங்கியது. ஆறாவது நிமிஷம் நடு ஓட்டை மூடிக்கொண்டது. அப்புறம் ஒன்றையொன்று தொட்டு, மூன்று நான்கு சேர்ந்து ஒரே தகடாகிவிட்டன.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, வெத்தலையா சுட்டிருக்க?" என்றாள்.

உண்மையிலேயே வெற்றிலை மாதிரிதான் இருந்தது. கூர் மட்டும் மிச்சம். ஓரம் கருகி, நடுவில் வெளுத்து, சல்லடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். வாசம் மட்டும் ஊரைத் தூக்கியது. காலையில் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "நெய் உருக்குனீங்களா அத்தை?" என்று கேட்டாள். "ஆமாம்மா, பழைய வெண்ணெய் கொஞ்சம் கெடந்துச்சு" என்று அம்மா ஒரு நொடி யோசிக்காமல் சொன்னாள். இவ்வளவு திறமை அவளிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது ஈடு: சுருங்கியது

நோட்டில் காரணம் என்று எழுதியிருந்தது: "மாவு இளகல். மைதா போதவில்லை." தப்பான கண்டுபிடிப்பு. ஆனால் அன்றைக்கு அதுதான் சரி என்று தோன்றியது.

பாக்கெட் வெண்ணெய் தீர்ந்துபோனதால் அம்மா தயிர் கடைந்து எடுத்து வைத்திருந்த வெண்ணெயைக் கேட்டு வாங்கினேன். இந்த முறை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்துச் சேர்த்தேன். மைதா நாற்பது கிராம் கூட. மாவு பிடிபடவில்லை என்று சப்பாத்திக்குப் பிசைவது போல உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்தேன். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து உருட்டித் திரும்பத் தேய்த்தேன். அப்படி மூன்று தடவை.

வடிவம் நின்றது! அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் வெட்டியபோது ஐந்து சென்டிமீட்டர் இருந்த இதயம் வெந்தபின் நாலரைக்கு வந்துவிட்டது. குட்டையாக, தடியாக, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. கடைசியாகத் தேய்த்த துண்டுகள்தான் படுமோசம், கடித்தால் கடக்கென்று சத்தம். "இது என் பல்லுக்கு ஆகாதுப்பா" என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள்.

இரண்டும் வேற வியாதி

இரண்டு ஈட்டிலும் மாதிரிக்கு நாலு நாலு எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு எங்கள் தெருமுனை பேக்கரிக்குப் போனேன். அங்கே மாஸ்டர் முப்பது வருஷமாக அடுப்பு முன்னால் நிற்பவர். "அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினேன்.

வெற்றிலையை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். கட்டையை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினார். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "தம்பி, இது விரிஞ்சிருக்கு. இது சுருங்கியிருக்கு. ரெண்டும் வேற வியாதி. ஒண்ணுக்கு இன்னொண்ணோட மருந்தக் குடுத்திருக்கீங்க."

விரிந்ததற்குக் காரணம் கொழுப்பு. அடுப்புக்குள் போன மாவில் வெண்ணெய் முதலில் உருகும். மாவு இறுகிச் சட்டமாக நிற்பது அதற்கப்புறம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பிஸ்கட் ஓடுகிறது. உள்ளே போகும்போதே வெண்ணெய் உருகியிருந்தால் இடைவெளி நீள்கிறது. அடுப்பில் சூடு போதாவிட்டாலும் நீள்கிறது. எனக்கு இரண்டும் நடந்திருந்தது. பிற்பாடு முந்நூறு ரூபாய்க்கு ஒரு அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். திருகு 180-ல் இருக்க, பத்தாவது நிமிஷம் முள் 140-ஐத்தான் காட்டியது. 175-ஐத் தொட இருபத்திரண்டு நிமிஷம். கதவைத் திறந்து தட்டை வைத்து மூடுவதற்குள் முப்பது டிகிரி இறங்கிவிடுகிறது. ஐந்து வருஷமாக இந்தப் பெட்டி என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது.

சுருங்கியதற்குக் காரணம் குளூட்டன். மைதாவும் தண்ணீரும் சேர்ந்து, கையும் அழுத்தினால் மாவுக்குள் ரப்பர் மாதிரி ஒரு இழை வரும். மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரோட்டா மாஸ்டர் அடித்து, ஊறவைத்து, வீசி வீசிக் கொண்டுவருவது அதைத்தான். பரோட்டாவுக்கு எது உயிரோ, அதுவே பிஸ்கட்டுக்குப் பகை. பாக்கெட் வெண்ணெயில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் எவ்வளவு பிழிந்தாலும் மோர்த் தண்ணீர் கூடுதலாகத் தங்கிவிடும். அந்தத் தண்ணீர், நாற்பது கிராம் அதிக மைதா, என் உள்ளங்கை மூன்றும் சேர்ந்து பாதி பரோட்டாவைச் செய்திருந்தன.

"நீங்க எப்படிண்ணே இந்த வெயில்ல போடுறீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "நாங்க டால்டாவுலதான போடுறோம். அது நிக்கும். வெண்ணெய்லதான் போடணும்னா விடியக்காலம் எந்திரிச்சுப் போடுங்க. அப்ப அது பேச்சுக் கேக்கும்."

37-க்கும் 34-க்கும் நடுவில்

டால்டாவுக்கு மாறியிருக்கலாம். வடிவம் நிச்சயம் நின்றிருக்கும். மாறாததற்கு வீம்பு ஒரு காரணம், இன்னொரு காரணமும் இருந்தது.

வெண்ணெய் 32-லிருந்து 35 டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். நம் வாய்க்குள் சூடு ஏறக்குறைய 37. அதனால்தான் வெண்ணெய் பிஸ்கட்டைக் கடித்தால் நாக்கில் கரைகிறது. அதற்கு மேல் உருகும் கொழுப்பு வாயில் உருகாமல் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். டீ குடித்தால்தான் போகும். ஆக, நாக்கில் கரைய வேண்டும் என்றால் 37-க்குக் கீழே உருகியே ஆக வேண்டும். என் அடுப்படியோ 34-ல் இருக்கிறது. எந்தக் குணத்துக்காக வெண்ணெயைத் தேடுகிறோமோ, அந்தக் குணமே இங்கே வடிவத்தைக் கெடுக்கிறது. செய்முறை எழுதியவரின் "அறை" இருபது டிகிரி அறை. அந்த ஒற்றைச் சொல்லை நான் மொழிபெயர்க்காமல் அப்படியே நம்பிவிட்டேன்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. வடக்குக் குரோஷியாவில் லிச்சித்தார் என்று சிவப்புச் சாயம் பூசிய இதய ரொட்டி செய்வார்கள். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரும் தேதியும் எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2010-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள்: மாவு, சர்க்கரை, தண்ணீர், சோடா உப்பு, மசாலா. வெண்ணெய் இல்லை! உருக எதுவுமில்லாததால் அச்சில் வைத்த இதயம் இதயமாகவே வெளியே வருகிறது. நம் தூத்துக்குடி மக்ரூனும் இதே கட்சிதான். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவே. கத்திரி வெயில் அதை ஒன்றும் செய்யாது, ஈரக்காற்றுதான் அதற்கு எமன்.

என் மனைவிக்குத் தூத்துக்குடிதான் சொந்த ஊர். லின்சர் பிஸ்கட்டில் பாதாமோ ஹேசல்நட்டோ பொடித்துப் போடுவார்கள். அந்த இடத்தில் முந்திரி போட்டால் என்ன என்று தோன்றியது அப்போதுதான். பருப்புப் பொடியில் குளூட்டன் கிடையாது, ஆகவே இழுத்துச் சுருங்கும் வியாதிக்கும் அது மருந்து.

மூன்றாவது ஈடு

அதிகாலை மூன்றே முக்காலுக்கு அலாரம். அடுப்படி 29 டிகிரி. ஓடிஜியை முதல் காரியமாகப் போட்டுவிட்டேன், அது மெதுவாகப் பொய்யிலிருந்து உண்மைக்கு வரட்டும் என்று. வெண்ணெயை முந்தைய இரவே சின்னக் கட்டிகளாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். மைதா, மிக்ஸி ஜாரும்கூட ஃப்ரிட்ஜுக்குள்.

ஐம்பது கிராம் முந்திரியை ஒரு ஸ்பூன் மைதாவோடு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினேன். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். அதே ஜாரில் மிச்ச மைதா (மொத்தம் நூறு கிராம்), ஐம்பது கிராம் சர்க்கரைப் பொடி, நூறு கிராம் வெண்ணெய்க் கட்டிகள். உப்பு போட்ட வெண்ணெய் என்பதால் தனியாக உப்பு வேண்டாம். சோடா உப்பும் வேண்டாம். அது பிஸ்கட்டைப் பரப்பும், சீக்கிரம் சிவக்கவும் வைக்கும், இரண்டுமே இங்கே தேவையில்லை. நாலைந்து சுற்றில் புட்டு மாவுப் பதம் வந்தது. பிடித்தால் நிற்கிறது, உதிர்த்தால் உதிர்கிறது. புட்டு அவித்த கைக்கு இதைவிடத் தெளிவாக ஒரு அளவு சொல்ல முடியாது. அதில் ஒரு மஞ்சள் கருவை விட்டு, ஒரே சுற்று. பிசையவே இல்லை, அள்ளி அமுக்கினேன், அவ்வளவுதான்.

சீர்வரிசையில் வந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டில் ஐஸ் கட்டிகளை வைத்தேன். தாம்பாளத்தின் மேல்பக்கம் ஒரு நிமிஷத்தில் வியர்த்துவிட்டது. துணியால் துடைத்துவிட்டுத்தான் மேலே தாள் விரிக்க முடிந்தது. தாள் என்றதும் ஒன்று: கடையில் பட்டர் பேப்பர் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல அடுப்புக்குத் தாங்காது. முதல் ஈட்டில் அது அடியில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. பேக்கிங்குக்கென்று சொல்லி வாங்கியதுதான் ஒட்டாமல் கழன்று வந்தது.

இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து ஐந்து மில்லிமீட்டருக்குத் தேய்த்தேன். தாளோடு ஃப்ரீசரில் இருபது நிமிஷம். வெளியே எடுத்தபோது அட்டை மாதிரி விறைத்திருந்தது. அச்சை வைத்து அமுக்கினால் டப்பென்று சுத்தமாக வெட்டியது. வெட்டிய துண்டுகளைத் தட்டில் அடுக்கி, திரும்பப் பத்து நிமிஷம் ஃப்ரீசர். இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நினைக்கிறேன். வெண்ணெய் உறைந்து போகிறது, அடுப்பு முழுச் சூட்டில் காத்திருக்கிறது, அது உருகி ஓடத் தயாராவதற்குள் ஓரம் இறுகிவிடுகிறது.

தட்டு உள்ளே போய்க் கதவு மூடியதும் முள் 150-க்கு இறங்கி, மெல்ல 170-க்கு ஏறியது. ஐந்தாவது நிமிஷம் பளபளப்பு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிளவு நின்றது. ஓட்டையும் நின்றது. பதிமூன்றாவது நிமிஷம் ஓரத்தில் மட்டும் வெளிர் பொன்னிறம். சூட்டில் தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ளத் தோன்றும். தள்ளக் கூடாது. ஆறும்போதுதான் அது மொறுமொறுப்பாகும். அவசரப்பட்டுத் தோசைக் கரண்டியால் ஒன்றைத் தூக்கினேன். பிளவு வழியாகச் சரியாக இரண்டாக உடைந்தது. கல்யாண நாள் அன்றைக்கு உடைந்த இதயம். அதை அம்மா பார்ப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டேன்.

மொத்தம் இருபத்தாறு தேறியது. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை இந்த முறை ஒரே ஒரு தடவைதான் திரும்பச் சேர்த்தேன். மிச்சத்தை உருட்டி ஃப்ரீசருக்கு அனுப்பினேன். ஜாமை மூன்று ஸ்பூன் எடுத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, தளதளவென்று கொதிக்கவைத்து இறுக்கி ஆறவைத்தேன். ஜாமில் இருக்கும் தண்ணீர்தான் பிஸ்கட்டை நமுக்க வைக்கிறது. கொஞ்சமாவது அதை விரட்ட வேண்டும். எட்டு மணிக்கு எட்டு ஜோடிக்கு மட்டும் ஜாம் வைத்தேன்.

எட்டே முக்கால்

வந்தாள். பையை வைத்துவிட்டு வழக்கம்போல ஃபேனுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். தட்டை முன்னால் வைத்தேன். பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"மூணு நாளா நெய் உருக்குனது இதானா?"

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதல் கடியில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கடித்துவிட்டு, "முந்திரியா போட்டீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கூரு வாசம் வருதுங்க" என்றாள். பிறகு, அவள் அவளாக இருப்பதால், "ஜாம்தான் கொஞ்சம் இனிப்பு தூக்கல்" என்றும் சொன்னாள். அதுவும் உண்மைதான். ரெட் கரண்ட் என்கிற சின்னச் சிவப்புப் பழத்தின் ஜாமில் இருக்கும் புளிப்பை வைத்துக் கணக்குப் போட்ட பண்டம் அது. நம் மிக்ஸட் ஃப்ரூட் ஜாமுக்கு நாலு சொட்டு எலுமிச்சை போதாது. ஒரு ஸ்பூனாவது வேண்டும்.

நாலு சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள். சாயங்காலம் எழுந்து டீ போடும்போது மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டியிருக்கிறாள். மூன்றாவது ஈட்டுக்குக் கீழே அவள் கையெழுத்தில், வார்டில் எழுதுவது போலவே, நேரம் போட்டு இரண்டு வரி:

"மாலை 4.40. ஜாம் வைத்தவை நமுத்துவிட்டன, ருசியில் மாற்றமில்லை. ஜாம் வைக்காத பத்தும் மொறுமொறுப்பாக உள்ளன. அவற்றில் மூன்று எடுக்கப்பட்டது."

பக்கத்தில் சுருக்கொப்பமும் இருந்தது.